டிராக் ரேஸ் காருக்கு எந்த ஆயில்?

நம் சங்க இதழில் அரிசி, பருப்பு, இரும்பு, உரம் என்று பல சரக்குகளைப் பற்றி அந்தந்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் சரக்கான எஞ்சின் ஆயிலைப் பற்றி எழுதச் சொன்னபோது, எல்லோருக்கும் தெரிந்த லாரி ஆயில், டிராக்டர் ஆயில் கதையை விட்டுவிட்டு, எங்களைத் தலைகுனிய வைத்த ஒரு விவகாரத்தையே எழுதலாம் என்று தோன்றியது. டிராக் ரேஸ் காருக்கு ஆயில் கொடுத்த கதை அது.

மந்தாரக்குப்பத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள், தனியார் பஸ்காரர்கள், சுற்றுப்பட்டுக் கிராமங்களின் டிராக்டர்காரர்கள், டூ வீலர் மெக்கானிக்குகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி வந்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளை. பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பிரித்துக் கட்டி, சென்னைப் பக்கம் நடக்கும் டிராக் பந்தயத்தில் ஓட்டப் போவதாகச் சொன்னார். "ஐயா, இருக்கிறதிலேயே கெட்டியான ஆயிலாக் கொடுங்க. ரேஸ் வண்டி, சூடு தாங்கணும்" என்றார். நாங்களும் 20 டபிள்யூ 50 டின்னை எடுத்துக் கொடுத்தோம். கொடுத்ததோடு நிற்கவில்லை. "கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதான் தம்பி" என்று நற்சான்றும் வழங்கினோம்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கனெக்டிங் ராடு பேரிங் இரண்டு துண்டு. மேல் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. மூன்றாவது ஓட்டத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிட்டதாம். மறுபடி கட்ட 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்தத் தம்பி எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பிரஷர் கேஜ்ல அழுத்தம் நல்லாத்தான் காட்டுச்சு ஐயா, அப்புறம் எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் ஆயில் விற்றும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது.

அதன்பின் சுரங்க இயந்திரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர்களையும், கம்பெனிகளிலிருந்து வரும் டெக்னிக்கல் ஆட்களையும் விடாமல் கேட்டுத் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பந்தயத்தைப் பற்றி. டிராக் ரேஸில் வளைவு கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கமாகச் சீறிப் பாய வேண்டும். வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அமெரிக்காவில் 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு தேசியச் சங்கத்தை ஏற்படுத்தினார். நம் மாநிலத்தில் மோட்டார் பந்தயம் என்றால் முதலில் சோழவரம்தான். போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே பந்தயத் தடம் அமைத்தார்கள். அந்தத் தடத்தின் நேர்ப்பாதையில் தேசிய அளவிலான மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயமும் நடந்திருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா அதில் பலமுறை பட்டம் வென்றவர். கார்களுக்கு, மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பக்கமுள்ள ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடத்திய பந்தயம் பெயர் பெற்றது.

விருத்தாசலம் ரோட்டில் இரவு பதினோரு மணிக்கு இரண்டு பைக்கை நிறுத்தி 'ரேஸ்' விடுவது இந்தக் கணக்கில் சேராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவுப்படி அது குற்றம். அதற்கென்று ஆயில் கேட்டு வந்த பையன்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இனி ஆயிலுக்கு வருவோம். எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அது ஆயிலின் மேல் மிதந்து சுற்றுகிறது. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். ஷாஃப்டின் பருமன் ஓர் இஞ்ச் என்றால் இடைவெளி ஓர் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைக்காரர்களின் பொதுக் கணக்கு. இரண்டு இஞ்ச் ஷாஃப்ட் என்றால் ஆயிரத்தில் இரண்டு பங்கு. தலைமுடியின் பருமனை விடக் குறைவு. இந்தச் சந்துக்குள் ஆயில் இடைவிடாமல் பாய்ந்து கொண்டே இருக்க வேண்டும். பாய்ச்சல் நின்றால் உலோகம் உலோகத்தோடு உரசும். அப்புறம் ஒரு சில நொடி போதும்.

ஆகவே ஆயிலின் கெட்டித்தன்மை இந்தச் சந்துக்குப் பொருந்த வேண்டும். சந்து சிறிதாக இருக்கையில் கெட்டி ஆயிலை ஊற்றினால் போதிய அளவு உள்ளே போகாது. சந்து பெரிதாக இருக்கையில் மெல்லிய ஆயிலை ஊற்றினால் நிற்காமல் வழிந்துவிடும், அழுத்தம் விழுந்துவிடும். சட்டியின் வாய் பார்த்து மூடி வாங்குவது போலத்தான்.

டின்னில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பலர் தரத்தின் மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். 50 என்றால் 40ஐ விட உயர்ந்த சரக்கு என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. அது தரமே அல்ல, கெட்டித்தன்மையின் வகுப்பு மட்டும்தான். எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்தது. ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி அது வழியும் வேகத்தை அளந்து, செண்டிஸ்டோக் என்ற அலகில் சொல்கிறார்கள். 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30. 12.5 முதல் 16.3 வரை 40. 16.3 முதல் 21.9 வரை 50. முன்னால் உள்ள 10 டபிள்யூ, 20 டபிள்யூ என்பது குளிர்ந்த நிலையில் அது நடந்து கொள்ளும் விதத்தைக் குறிப்பது. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கில எழுத்து. நெய்வேலி வெயிலில் குளிர்காலம் எங்கே என்று நாங்களும் கேலி செய்ததுண்டு. ஆனால் எஞ்சினைப் பொறுத்தவரை 100 டிகிரிக்குக் கீழே இருப்பதெல்லாம் குளிர்தான். சாதாரண 15 டபிள்யூ 40 ஆயில் 100 டிகிரியில் 14 செண்டிஸ்டோக் அளவில் இருக்கிறது. அதே ஆயில் 40 டிகிரியில், அதாவது நம்மூர் மே மாத மதிய வெயிலில், 100க்கு மேல் போய்விடும். ஏழு மடங்கு கெட்டி.

தம்பியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாலையில் ஓடும் கார் அரை மணி நேரம் ஓடி ஆயிலை நன்கு சூடாக்கிக் கொள்ளும். டிராக் காரோ வரிசையில் நிற்கும், முறை வந்ததும் ஸ்டார்ட் செய்து கோட்டுக்கு வரும், அடுத்த பன்னிரண்டு பதினைந்து நொடி உச்ச வேகத்தில் எஞ்சின் அலறும், முடிந்தது. தண்ணீர் மீட்டர் சூடு காட்டினாலும் அடியில் சம்ப்பில் உள்ள ஆயில் சூடாகியிருக்காது. அந்த நிலையில் 20 டபிள்யூ 50 கூழ் போல நிற்கிறது. பம்பு அதைத் தள்ளும்போது அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் அளவு மீறினால் பம்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பிவிடுகிறது. கேஜ் முள் மேலே நிற்கும், பேரிங்குக்குப் போகும் ஆயிலோ குறைவு. ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு அழுத்தம் இருந்தால் போதும் என்பது ரேஸ் மெக்கானிக்குகளின் கணக்கு. அதற்கு மேல் முள் ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்து போக வேண்டியதில்லை.

தம்பியின் எஞ்சின் புதிதாகக் கட்டியது, கம்பெனி அளவிலேயே இறுக்கமாகப் பேரிங் போட்டது. அதற்கு 10 டபிள்யூ 30 அல்லது 10 டபிள்யூ 40 கொடுத்து, ஓட்டுவதற்கு முன் ஆயிலை நன்றாகச் சூடாக்கச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

பழி முழுவதும் ஆயில் மேல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிராங்க் ஆயிலில் அடித்துச் சுற்றினால் சக்தி வீணாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் ஆயிலை டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் குறைவாக ஊற்றியிருக்கிறார். வண்டி முன்னால் பாயும்போது ஆயில் பின்னால் ஒதுங்கும். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கொண்டு பஸ்ஸில் நின்றால் டிரைவர் கிளட்சை விடும்போது என்ன ஆகுமோ அதுதான். வண்டி பாயும் முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமாக இருந்தால் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். அதில் பாதி முடுக்கம் என்றாலும் 26 டிகிரிக்கு மேல். ஆயில் குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிற்கும். எந்த ஆயிலானாலும் காற்றை உறிஞ்சும் பம்பு எஞ்சினைக் காப்பாற்றாது. இதற்காகத்தான் ரேஸ்காரர்கள் சம்ப்பில் தடுப்புத் தகடு வைக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தனித் தொட்டி வைத்த டிரை சம்ப் போடுகிறார்கள். எதுவும் இல்லாதவர் மேல்கோடு வரை ஆயில் ஊற்றினாலே பாதிக் கவலை தீரும்.

டிராக் ரேஸ் என்றால் கெட்டி ஆயில் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தோம். அமெரிக்காவில் டாப் ஃப்யூயல் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. 11 ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல். 2008 முதல் அவர்களுக்குத் தூரம் ஆயிரம் அடிதான், அதை நான்கு நொடிக்குள் கடக்கிறார்கள். எரிபொருள் பெட்ரோல் அல்ல, நைட்ரோ மீத்தேன். அந்த எரிபொருள் எரியாமல் மிஞ்சி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆகவே 50 முதல் 70 வரையிலான மிகக் கெட்டி ஆயிலை ஊற்றி, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வடித்துவிட்டு எஞ்சினையே பிரித்துக் கட்டுகிறார்கள். அதே மைதானத்தில் ப்ரோ ஸ்டாக் என்ற வகுப்பு, பெட்ரோலில் ஓடுவது. அவர்கள் பேரிங் இடைவெளியை மிகக் குறைவாக வைத்துத் தண்ணீர் போன்ற ஆயிலை ஊற்றுகிறார்கள். உராய்வில் வீணாகும் ஒவ்வொரு குதிரைத்திறனும் அவர்களுக்குக் கணக்கு. ஒரே பந்தயம், இரண்டு கோடி ஆயில்கள். முதல் வகுப்பின் படத்தைப் பார்த்துவிட்டு எஸ்டீமுக்கு ஆயில் கேட்டவர் அந்தத் தம்பி. கொடுத்தவர்கள் நாங்கள்.

இன்னொரு விஷயம், துத்தநாகம். ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து கலக்கிறார்கள். படலம் கிழிந்து உலோகம் தொடும் இடத்தில் அது ஒரு பூச்சாகப் படிந்து காக்கும். பாஸ்பரஸ் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்டரைக் கெடுக்கிறது என்பதால் 2004 வாக்கில் வந்த தரவிதிகள் மெல்லிய ரகங்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டன. உருளை இல்லாத தட்டை டாப்பெட் வைத்த பழைய எஞ்சின்களுக்கு, அதுவும் கடினமான வால்வு ஸ்பிரிங் போட்டால், இது போதாது, கேம் தேய்ந்துவிடும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இவற்றை ஆசையாய் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று 2020ல் வந்த புதிய தரம் அச்சிட்ட மெல்லிய டின்னை 'லேட்டஸ்ட் சார்' என்று தள்ளிவிடக் கூடாது. ரேஸுக்கென்றே வரும் ஆயில்களில் துத்தநாகம் அதிகம். அந்தக் காரணத்தாலேயே பல ரேஸ் ஆயில் டின்களில் ஏ.பி.ஐ. முத்திரை இருக்காது. முத்திரை இல்லை என்பதால் மட்டும் அது போலி ஆகாது. ஆனால் அவற்றில் அழுக்கைக் கழுவும் மருந்து குறைவாக இருப்பதுண்டு. தினசரி ஓடும் காருக்கு அதைக் கொடுத்தால் உள்ளே கசடு கட்டும்.

விளக்கெண்ணெய் ரேஸ் எஞ்சினில் ஓடியது என்றால் நம்புவீர்களா? எங்கள் தாத்தா காலத்தில் விளக்கெண்ணெயோடு வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்வார்கள். மாட்டு வண்டி அச்சுக்கு அதுதான் கிரீஸ். அதே ஆமணக்கு எண்ணெயைத்தான் வெள்ளைக்காரன் விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் ஊற்றினான். 1909ல் வந்த கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரான கேஸ்டர் ஆயிலிலிருந்து பிறந்ததுதான். மெத்தனாலில் ஓடும் ரேஸ் எஞ்சின்களுக்கு அதில் ஒரு விசேஷம் உண்டு. மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது, ஆமணக்கு எண்ணெய் கரையும். ஆகவே எரிபொருளோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சின்களில் நெடுங்காலம் அது தாக்குப்பிடித்தது. ஆனால் பிசின் போல உள்ளே ஒட்டிக் கொள்ளும். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் காரில் பரிசோதனை செய்ய வேண்டாம்.

மெத்தனால் ஓட்டுகிறவர் ஆயில் கேட்டால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் ஈரம் கலந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியானாலும் ரேஸுக்கு எரிபொருளைத் தாராளமாகத் தள்ளும்படி டியூன் செய்திருப்பார்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். நூறு கிலோமீட்டர் கூட ஓடவில்லையே என்று கணக்குப் பார்க்காமல், ஒரு பந்தய நாள் முடிந்ததும் வடித்துவிடுவது நல்லது. அதனால்தான் விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் எல்லாருக்கும் அவசியம் என்று நாங்கள் சொல்வதில்லை. புதிதாகக் கட்டிய எஞ்சினை முதலில் மினரல் ஆயிலில்தான் பழக்க வேண்டும். பழகிய பிறகு சிந்தெடிக் போடலாம். சூட்டில் அது மெலிவது குறைவு, குளிரில் கெட்டியாவதும் குறைவு. ஐந்நூறு ரூபாய் சின்ன பாட்டிலில் வரும் 'எஞ்சின் டானிக்' சமாச்சாரங்களில் எங்களுக்கு லாபம் அதிகம்தான். ஆனாலும் நல்ல ஆயிலில் அதைக் கலக்கச் சொல்லி நாங்கள் விற்பதில்லை.

டூ வீலர்காரர்களுக்குக் கார் ஆயிலைக் கொடுக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பைக்கில் கிளட்ச் தகடுகள் அதே ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருந்தால் கிளட்ச் வழுக்கும். டிராக் ரேஸில் கிளட்ச் வழுக்கினால் பந்தயம் போச்சு. டின்னில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்.பி. என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

போலிச் சரக்கு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நல்ல கம்பெனியின் காலி டின்னைப் பழைய இரும்பு விலையை விட மூன்று மடங்கு கொடுத்து ஒருவன் வாங்குகிறான் என்றால் எதற்கு என்று யோசிக்க வேண்டும். எங்களிடமும் ஒரு ஏஜண்ட் பில் இல்லாமல் பாதி விலைக்கு ஐம்பது கேஸ் இறக்கித் தருவதாக வந்தான். டின்னின் அச்சு அசல் போலவே இருந்தது. மூடிக்குள் இருக்க வேண்டிய ஃபாயில் சீல் மட்டும் கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு கேஸில் எல்லா டின்னுக்கும் ஒரே பேட்ச் எண், அடுத்த கேஸிலும் அதே எண், தேதி மட்டும் வேறு. திருப்பி அனுப்பிவிட்டோம். அன்று முதல் எங்கள் கடையில் காலியாகும் டின்களை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் வெளியே விடுகிறோம். லாரிக்காரருக்குப் போலி ஆயில் போனால் ஆறு மாதத்தில் தெரியும். ரேஸ்காரருக்கு ஆறு நொடியில் தெரிந்துவிடும். வடித்த ஆயிலையும் கண்ட ஆளிடம் கொடுக்காமல், 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும். அந்தக் கறுப்பு ஆயில்தானே மீண்டும் வடிகட்டப்பட்டு நம் கடைக்கே டின்னில் வருகிறது!

அந்தத் தம்பி எஞ்சினை மறுபடி கட்டிக் கொண்டு அடுத்த ஆண்டு வந்தார். இம்முறை நாங்கள் முதலில் டின்னை எடுக்கவில்லை. பேரிங் இடைவெளி எவ்வளவு வைத்தார்கள், என்ன எரிபொருள், டர்போ உண்டா, சாலையிலும் ஓட்டுவாரா, சம்ப்பில் தகடு போட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். இடைவெளி அவருக்குத் தெரியவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். 10 டபிள்யூ 40 கொடுத்தோம். பழகுவதற்கு மினரல் ஒரு டின், பந்தயத்துக்கு சிந்தெடிக் ஒரு டின். முந்தைய ஆயிலுக்கு வாங்கிய பணத்தை இதில் கழித்துக் கொண்டோம். வேண்டாம் என்றார், நாங்கள் விடவில்லை.

பந்தயம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்தார். ஆறு ஓட்டம் ஓடினாராம். ஃபில்டரை வெட்டி, உள்ளே இருந்த காகிதத்தை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்த்ததில் உலோகப் பொடியின் மினுக்கம் எதுவும் இல்லையாம். எத்தனையாவது இடம் என்று கேட்க மறந்துவிட்டோம்.